21 நாள் தாண்டிருச்சு, இனிமே பிறப்பு சர்டிபிகேட் கிடைக்காதா?

தாலுகா ஆபீஸ் எதிர்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், கூடவே ஆன்லைன் அப்ளிகேஷனும் போட்டுக் குடுப்பேன். வாரத்துக்கு ரெண்டு பேராச்சும் முகத்தைத் தொங்கப் போட்டுட்டு வந்து நிப்பாங்க. போன வாரம் ஒரு தம்பி வந்தாப்ல, பொண்ண எல்.கே.ஜி சேர்க்கப் போயிருக்காரு, ஸ்கூல்ல பிறப்பு சர்டிபிகேட் கேட்டிருக்காங்க, இவரு ஆஸ்பத்திரியில குடுத்த டிஸ்சார்ஜ் பேப்பரை லேமினேஷன் பண்ணி நாலு வருஷமா பீரோவுல பத்திரமா வச்சிருந்து அதைக் கொண்டு போய் நீட்டியிருக்காரு. அது சர்டிபிகேட் இல்லைன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சிருக்கு. டீக்கடையில ஒருத்தர் "21 நாளுக்குள்ள பண்ணலன்னா அவ்ளோதான் தம்பி, கோர்ட்டுல கேஸ் போடணும்"ங்கறாரு, இன்னொருத்தர் "அஞ்சாயிரம் குடு, முடிச்சுத் தர்றேன்"ங்கறாரு, வீட்டுல பாட்டி "அதான் ஆதார் கார்டு இருக்குல்ல, அப்புறம் என்னத்துக்கு இது"ங்கறாங்க.

மூணு பேர் சொன்னதுமே தப்பு. அதனால தெரிஞ்சத ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு உக்காந்துட்டேன். நான் சொல்றது தமிழ்நாட்டு நடைமுறை, அடியில இருக்கற சட்டம் இந்தியா முழுக்க ஒண்ணுதான்.

மொய் நோட்டு கணக்கு

கல்யாண வீட்டு வாசல்ல ஒரு டேபிள் போட்டு ஒருத்தர் மொய் நோட்டு எழுதிட்டு இருப்பாரு. நீங்க போய் கவரை நீட்டுறீங்க, பேரு ஊரு சொல்றீங்க, அவர் எதையும் குறுக்குக் கேள்வி கேக்காம எழுதிக்கறாரு. ஏன்னா கண்ணு முன்னாடி நடக்குது, சந்தேகப்பட ஒண்ணுமே இல்ல.

இப்ப நீங்க மறந்துட்டீங்கன்னு வைங்க. அடுத்த நாள் போயி "அண்ணே நேத்து கூட்டத்துல குடுக்க முடியல"ன்னா அவரே சிரிச்சிட்டு எழுதிக்குவாரு. ரெண்டு மாசம் கழிச்சுப் போனா "இருங்க, வீட்டுப் பெரியவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதறேன்"பாரு. அஞ்சு வருஷம் கழிச்சுப் போயி "அன்னைக்கே நான் ஐநூறு ரூவா வச்சேன், உங்க ஆளுதான் எழுதாம விட்டுட்டாரு"ன்னு சொன்னா? நோட்டு எழுதினவரால அத முடிவு பண்ண முடியாது. ரெண்டு சாட்சி வேணும், நாலு பெரியவங்க உக்காந்து விசாரிக்கணும், அவங்க சரின்னு சொன்னாதான் நோட்டுல ஏறும்.

பிறப்புப் பதிவும் அச்சு அசல் இதேதான். அரசாங்கத்துகிட்ட பிறப்புப் பதிவேடுன்னு ஒரு நோட்டு இருக்கு. அதை எழுதற பொறுப்புல இருக்கறவருக்குப் பேரு பதிவாளர். நமக்குக் கையில குடுக்கற சர்டிபிகேட்ங்கறது அந்த நோட்டுல இருக்கற ஒரு வரியை எடுத்து எழுதிக் குடுக்கற துண்டுச் சீட்டு, அவ்ளோதான். இந்த ஒரு விஷயம் மண்டையில ஏறிடுச்சுன்னா பாதிக் குழப்பம் போயிடும், ஏன்னா வர்றவங்க எல்லாரும் சீட்டைப் பத்தியே பேசறாங்க, நோட்டுல வரி இருக்கா இல்லையான்னு யாரும் கேக்கறதே இல்ல.

நாள் ஆக ஆக மாறறது என்ன

1969ல வந்த பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம்தான் இதுக்கெல்லாம் அடிப்படை. குழந்தை பொறந்த நாள்ல இருந்து 21 நாளுக்குள்ள தகவல் போயிட்டா பைசா செலவில்ல, பதிவாளர் எழுதிக்குவாரு, முதல் சர்டிபிகேட்டும் சும்மாவே குடுக்கணும்.

21 தாண்டினா தாமதப் பதிவு. கெடு முடிஞ்சப்பறம் தகவல் குடுத்து எழுதற எல்லாத்துக்கும் அதே பேருதான், ஆனா அதுக்குள்ள மூணு படி இருக்கு. 21ல இருந்து 30 நாளுக்குள்ளன்னா பதிவாளரே எழுதலாம், சின்னதா ஒரு தாமதக் கட்டணம் மட்டும் கட்டணும். இது கல்யாணத்துக்கு மறுநாள் போன மொய். 30 நாள் தாண்டி ஒரு வருஷத்துக்குள்ளன்னா பதிவாளருக்கு மேல இருக்கற அதிகாரி எழுத்துல அனுமதி குடுக்கணும், வீட்டுப் பெரியவர்கிட்ட கேக்கற மாதிரி. ஒரு வருஷமும் தாண்டிட்டா நாலு பெரியவங்க விசாரணைதான், அதாவது மாஜிஸ்திரேட் அதிகாரம் உள்ள ஒருத்தர் விசாரிச்சு உத்தரவு போடணும்.

இந்த மூணாவது படியிலதான் டீக்கடைக்காரர் சொன்ன கோர்ட்டு வருது. அவர் முழுப் பொய் சொல்லல, பழைய கதையைச் சொல்றாரு. ஒரு காலத்துல நிஜமாவே மாஜிஸ்திரேட் கோர்ட்டுல வக்கீல் வச்சு மனு போட்டு உத்தரவு வாங்கணும். தமிழ்நாட்டுல அப்புறம் இந்த வேலை வருவாய்க் கோட்டாட்சியர்கிட்ட, நம்ம பாஷையில ஆர்.டி.ஓ.கிட்ட, வந்திடுச்சு. (வண்டி லைசென்ஸ் குடுக்கற ஆர்.டி.ஓ. இல்லீங்க. என் கடையில இருந்து ரெண்டு பேர் அங்க போயிட்டுத் திரும்பி வந்திருக்காங்க.) 2023ல மத்திய அரசு சட்டத்தைத் திருத்தினப்ப மாவட்ட மாஜிஸ்திரேட், கோட்ட அளவுல இருக்கற மாஜிஸ்திரேட், இல்ல அவங்க அதிகாரம் குடுத்த நிர்வாக மாஜிஸ்திரேட், இவங்கதான் உத்தரவு போடணும்னு நாடு முழுக்கவே மாத்திட்டாங்க. அதே திருத்தத்துல இன்னொரு நல்லதும் நடந்துச்சு, முன்னாடி ரெண்டாவது படிக்கு நோட்டரிகிட்ட போயி அபிடவிட் வாங்கணும், இப்ப நாமளே கையெழுத்துப் போட்டுக் குடுக்கற சான்று போதும்.

இதுவரைக்கும் சொன்னத சுருக்கிச் சொன்னா: 21 நாள்ங்கறது இலவசமா, கேள்வி கேக்காம எழுதற காலம். அதுக்கப்புறம் கதவு மூடறதில்ல, கேள்வி கேக்கற ஆள் மாறுறாரு, கேள்வி கூடுது. மேல் வரம்புன்னு சட்டத்துல ஒண்ணு கிடையாது, அறுபது வயசு ஆளுக்குக் கூட பதியலாம், பதிஞ்சிட்டுத்தான் இருக்காங்க.

நிஜமாவே பதியலையா, முதல்ல அதப் பாருங்க

எனக்கு வர்ற கேஸ்ல பாதிக்கு மேல தாமதப் பதிவே இல்ல. வேற பிரச்சனையை இதுன்னு நெனச்சுக்கிட்டு வர்றாங்க.

யோசிச்சுப் பாருங்க, இப்ப நம்மூர்ல கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியிலதான். ஆஸ்பத்திரியில பொறந்த குழந்தைக்குப் பதிவாளர்கிட்ட தகவல் குடுக்க வேண்டிய சட்டக் கடமை அப்பா அம்மாவுக்கு இல்ல, ஆஸ்பத்திரிக்குத்தான். வீட்டுல பொறந்தாதான் குடும்பத் தலைவர் பொறுப்பு. லாட்ஜ், சத்திரம் மாதிரி இடத்துல பொறந்தா அந்த இடத்துப் பொறுப்பாளர், ஜெயில்ல பொறந்தா ஜெயிலர், ஓடற வண்டியில பொறந்தா அந்த வண்டிக்குப் பொறுப்பானவர், வண்டி முதல்ல நிக்கற இடத்துல. 108ல பொறந்த குழந்தைங்க எத்தனையோ இருக்கு, அதனால இது ஏட்டுல மட்டும் இருக்கற விதின்னு நெனச்சுடாதீங்க. அனாதையாக் கிடக்கற பச்சைக் குழந்தையைக் கண்டெடுத்தா அந்த ஊர் அதிகாரியோ போலீஸ் ஸ்டேஷன் பொறுப்பாளரோ தகவல் குடுக்கணும்னு கூட சட்டத்துல இருக்கு.

ஆக உங்க குழந்தை ஆஸ்பத்திரியில பொறந்திருந்தா, நீங்க ஒண்ணுமே பண்ணலன்னாலும் நோட்டுல வரி ஏறியிருக்க நிறைய வாய்ப்பு இருக்கு, நீங்க சீட்டு வாங்காம விட்டிருக்கீங்க, அவ்ளோதான். மேல சொன்ன எல்.கே.ஜி தம்பி கதை அதுதான். பொறந்த தேதி, அம்மா பேரு, ஆஸ்பத்திரி பேரு வச்சுத் தேடினோம், பத்து நிமிஷத்துல கிடைச்சிருச்சு. பதிவு பக்காவா பொறந்த ஒம்போதாவது நாளே ஆகியிருக்கு. மனுஷன் ரெண்டு நாளா சாப்பிடாம அலைஞ்சிருக்காரு.

ஆனா அந்தச் சீட்டுல குழந்தை பேரு இருக்கற இடம் காலியா இருந்துச்சு. இது அடுத்த குழப்பம். நம்ம ஊர்ல பொறந்த உடனே யாரு பேரு வைக்கறா, முப்பதாம் நாளு, மூணாம் மாசம்னு தொட்டில் போட்டு பேரு வைக்கறதுக்குள்ள ஆஸ்பத்திரி தகவல் போயிடும். அதனால பேரு இல்லாமயே பதியலாம்னு சட்டமே சொல்லுது. பின்னாடி சேத்துக்கலாம், பதிவான 12 மாசத்துக்குள்ளன்னா காசில்ல, அதுக்கு மேல 15 வருஷம் வரைக்கும் கட்டணம் கட்டிச் சேக்கலாம். இதுக்குப் பேரு பெயர் சேர்த்தல், இது தாமதப் பதிவு கிடையாது, ஆர்.டி.ஓ. கிட்ட போக வேண்டியதே இல்ல. ஆனா ஒண்ணு, ஒருவாட்டி பேரு ஏறிடுச்சுன்னா நியூமராலஜி பாத்துட்டு வந்து "ஒரு எழுத்து கூட்டுங்க"ன்னு கேட்டா பண்ண மாட்டாங்க. பேரு சேக்கறதுக்கு முன்னாடியே அந்தப் பஞ்சாயத்தை வீட்டுல முடிச்சுக்கோங்க.

சீட்டு தொலைஞ்சு போனவங்க, மழையில நனைஞ்சு போனவங்க இன்னொரு ரகம். இவங்களும் "திரும்பப் பதியணும் சார்"னுதான் வருவாங்க. நோட்டுல வரி இருக்கு, நகல் கேட்டா போதும். அப்பா பேர்ல எழுத்துப் பிழைன்னா அது திருத்தம், அதுக்குத் தனி மனு. ஏற்கனவே இருக்கற பதிவை மறைச்சுட்டு புதுசா இன்னொண்ணு பதிய நெனச்சா அது சிக்கல், ஒரே ஆளுக்கு ரெண்டு வரி நோட்டுல இருந்தா என்னைக்காவது ஒருநாள் பாஸ்போர்ட் ஆபீஸ்லயோ எம்பசியிலயோ மாட்டும்.

சுருக்கமா, பதிவே இல்லைன்னா மட்டும்தான் தாமதப் பதிவு. பேரு மட்டும் இல்ல, சீட்டு மட்டும் இல்ல, எழுத்து மட்டும் தப்புன்னா அதெல்லாம் வேற வேற வேலை, இதைவிட சுலபமான வேலை.

எந்த ஊர் ஆபீஸ்

குழந்தை எங்க பொறந்துச்சோ அந்த ஊர் நோட்டுலதான் எழுதுவாங்க. நீங்க எங்க குடியிருக்கீங்க, ரேஷன் கார்டு எங்க இருக்குங்கறதெல்லாம் இதுல கணக்கில்ல. மொய் நோட்டு கல்யாணம் நடந்த மண்டபத்துலதான இருக்கும், உங்க வீட்டுலயா இருக்கும்?

நம்ம பழக்கத்துல இது பெரிய தலைவலி. தலைப்பிரசவத்துக்குப் பொண்ணு தாய் வீட்டுக்குப் போயிடும். வாழ்க்கைப்பட்டது திருப்பூர், தாய் வீடு ராமநாதபுரம் பக்கம் ஒரு கிராமம், பிரசவம் ஆனது மதுரை ஆஸ்பத்திரியில. திருப்பூர்ல ஆபீஸ் ஆபீஸா ஏறினா எவனும் ஒண்ணும் பண்ண முடியாது, ராமநாதபுரத்துல வி.ஏ.ஓ.வைப் பாத்தாலும் ஆகாது, நோட்டு இருக்கறது மதுரையில. இதச் சொன்னா சில பேரு என்னைக் கோவமாப் பாப்பாங்க, நான் என்னங்க பண்றது.

கார்ப்பரேஷன், முனிசிபாலிட்டி, டவுன் பஞ்சாயத்துல பொறந்தா அந்தந்த ஆபீஸ்ல. கிராமத்துல வீட்டுப் பிரசவம்னா வி.ஏ.ஓ. ஆரம்ப சுகாதார நிலையத்துல பொறந்தா அங்க சுகாதார ஆய்வாளரைப் பாக்கணும். கிராமத்துப் பழைய புத்தகங்கள் எல்லாம் வி.ஏ.ஓ. கிட்டயே காலத்துக்கும் இருக்காது, சார்பதிவாளர் ஆபீஸுக்குப் போயிடும், ஆமா, நிலம் பத்திரம் பதியற அதே ஆபீஸ்தான். அம்பது அறுபது வயசுக்காரங்க "எங்க காலத்துல ஏது பதிவெல்லாம்"னு தாங்களே முடிவு பண்ணிட்டு வந்து நிப்பாங்க. 1969 சட்டத்துக்கு முன்னாடியே சென்னை மாகாணத்துல 1899லயே இதுக்குன்னு ஒரு சட்டம் இருந்துச்சு, ஊர் கணக்குப்பிள்ளை எழுதி வச்சதெல்லாம் இருக்கு. "ஆண் குழந்தை, தகப்பன் இன்னார்"ன்னு மட்டும் ஒரு வரி இருந்தாலும் அது பெரிய சொத்து. அதனால தேடாம ஆரம்பிக்காதீங்க.

இல்லைங்கறதுக்கும் ஒரு சர்டிபிகேட்

தேடியும் கிடைக்கலன்னா அதையே எழுத்துல வாங்கணும். "இந்த வருஷத்து நோட்டுல தேடினோம், இப்படி ஒரு பதிவு இல்ல"ன்னு ஆபீஸ்ல எழுதிக் குடுக்கற காகிதத்துக்கு எல்லாரும் சொல்ற பேரு நான் அவைலபிலிட்டி சர்டிபிகேட். என்.ஏ.சி.ன்னு சுருக்கிச் சொல்வாங்க. "சர்டிபிகேட் இல்லைன்னு வந்தா இல்லைங்கறதுக்கே ஒரு சர்டிபிகேட் வாங்கச் சொல்றான் பாரு"ன்னு ஒரு பெரியவர் கடையில விழுந்து விழுந்து சிரிச்சாரு. சிரிப்பா இருந்தாலும் காரணம் இருக்கு. ஏற்கனவே ஒரு வரி இருந்து, நீங்க வேற தேதியோட ரெண்டாவது வரி எழுத வர்றீங்களோங்கற சந்தேகத்தை முதல்லயே தீத்துடுது இந்தக் காகிதம். இது இல்லாம ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல மனுவையே வாங்க மாட்டாங்க.

தேடறதுக்குப் பொறந்த வருஷம் முக்கியம். வருஷம் சந்தேகம்னா முன்ன பின்ன ஒண்ணு ரெண்டு வருஷமும் சேத்துத் தேடச் சொல்லுங்க, தேடற ஒவ்வொரு வருஷத்துக்கும் கட்டணம் கேப்பாங்க, பரவாயில்ல கட்டிடுங்க.

ஆர்.டி.ஓ. என்னத்தப் பாக்கறாரு

இந்த இடத்துலதான் ஜனங்க ரொம்பப் பயப்படறாங்க, அதனால கொஞ்சம் நிதானமாச் சொல்றேன். அவர் முன்னாடி இருக்கற கேள்வி ரெண்டே ரெண்டு. இந்த ஆளு இந்த அப்பா அம்மாவுக்கு இந்த ஊர்லதான் பொறந்தாரா? சொல்ற தேதி நிஜமா? அவ்ளோதான். ஏன் லேட் பண்ணீங்கன்னும் கேப்பாங்க, ஆனா அதுக்கு வீட்டுப் பிரசவம், படிப்பில்ல, தெரியலங்கற உண்மையே போதும், கதை கட்ட வேண்டாம்.

அதுக்கு அவர் நேரா உங்களப் பாத்து முடிவு பண்றதில்ல. மனு கீழ இறங்கும், வி.ஏ.ஓ. விசாரிப்பாரு, அக்கம்பக்கத்துல கேப்பாரு, ஆர்.ஐ., அதாவது வருவாய் ஆய்வாளர், பாப்பாரு, தாசில்தார் வழியா அறிக்கை மேல ஏறும். அந்த அறிக்கையும் நீங்க குடுத்த காகிதமும் ஒத்துப் போச்சுன்னா உத்தரவு. உத்தரவு கையில வந்ததும் வேலை முடிஞ்சுதுன்னு நெறைய பேரு வீட்டுக்குப் போயிடறாங்க! அது நோட்டுல எழுதச் சொல்ற உத்தரவு மட்டும்தான். அதைப் பதிவாளர்கிட்ட குடுத்து, தாமதக் கட்டணம் கட்டி, வரி ஏறினப்பறம்தான் சர்டிபிகேட்.

காகிதம்னா என்ன காகிதம்? எது பிரச்சனை வர்றதுக்கு முன்னாடியே, வேற காரியத்துக்காக உருவாச்சோ அதுக்குத்தான் மதிப்பு. நேத்து எழுதி வாங்கின அபிடவிட்டை விட இருபது வருஷத்துக்கு முன்னாடி நர்ஸம்மா போட்ட தடுப்பூசி அட்டை பெருசு, ஏன்னா அந்த நர்ஸம்மாவுக்கு உங்களுக்காகப் பொய் எழுத அன்னைக்கு ஒரு அவசியமும் இல்ல. டிஸ்சார்ஜ் பேப்பர், தடுப்பூசி அட்டை, ஸ்கூல் டி.சி., பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பேரு ஏறின பழைய ரேஷன் கார்டு, கூடப் பொறந்தவங்களோட பிறப்பு சர்டிபிகேட், இதெல்லாம் எடுத்து வைங்க. அண்ணன் தம்பி சர்டிபிகேட் எதுக்குன்னு கேப்பீங்க, அண்ணன் பொறந்து ஆறு மாசத்துல தம்பி பொறந்திருக்க முடியாதுல்ல, தேதி பொருந்துதான்னு பாக்கத்தான். ஜாதகம் கொண்டு வருவாங்க சில பேரு, கூட ஒரு துணைக்கு வச்சுக்கலாம், அது ஒண்ண மட்டும் நம்பிப் போகாதீங்க. சின்னக் குழந்தைன்னா அம்மாவோட பிக்மி நம்பர் இருந்தா தேடிப் பிடிங்க, கர்ப்பமா இருக்கும்போதே நர்ஸம்மா பதிஞ்ச நம்பர் அது, தமிழ்நாட்டுல பிறப்புப் பதிவுக்கே அதைக் கேக்கறாங்க.

ஆதார்? பாட்டி சொன்ன வாதம். ஆதார்ல இருக்கற பொறந்த தேதி நீங்க குடுத்த ஏதோ ஒரு காகிதத்துல இருந்தோ, இல்ல நீங்க வாயால சொன்னதுல இருந்தோ போனது. ஆதார் ஒரு ஆளு யாருன்னு காட்டற அட்டை, அது எப்பப் பொறந்தாருன்னு நிரூபிக்கற சான்று இல்லைன்னு ஆதார் ஆணையமே சொல்லியிருக்கு. நோட்டுல இருந்து ஆதாருக்குத் தேதி போகலாம், ஆதார்ல இருந்து நோட்டுக்கு வராது.

ரீகேப்: தேடு, இல்லைன்னா என்.ஏ.சி. வாங்கு, பழைய காகிதத்தைச் சேத்து ஆர்.டி.ஓ.கிட்ட மனு, விசாரணை, உத்தரவு, பதிவாளர், சர்டிபிகேட். எல்லாமே பொறந்த ஊர் எல்லைக்குள்ள.

ஜூன் மாசம் பொறந்த தலைமுறை

அம்பது வயசு தாண்டினவங்க நாலு பேரோட டி.சி.யை எடுத்துப் பாருங்க, அதுல ரெண்டு பேரு மே, ஜூன்ல பொறந்திருப்பாங்க. அப்படி ஒரு ராசி எல்லாம் இல்ல. ஸ்கூல் சேக்கப் போனப்ப வாத்தியாரு பையனை ஒரு கையைத் தலைக்கு மேல கொண்டு போயி எதிர்ப் பக்கக் காதைத் தொடச் சொல்லுவாரு, தொட்டுட்டா அஞ்சு வயசு ஆச்சுன்னு கணக்கு, அப்பா அம்மாவுக்குத் தேதி தெரியலன்னா அட்மிஷனுக்குத் தோதா ஒரு தேதியை அவரே போட்டுடுவாரு. அந்தத் தேதியே அப்புறம் மார்க் ஷீட், வேலை, பென்ஷன்னு வாழ்க்கை முழுக்கக் கூடவே வந்திருக்கும்.

இவங்க இப்ப தாமதப் பதிவுக்கு வர்றப்ப ஒரு தர்மசங்கடம் இருக்கு. அம்மா சொல்றது "தை மாசம் பொங்கல் கழிஞ்சு மூணாம் நாளு", டி.சி. சொல்றது ஜூன் 1. உண்மையான தேதியைப் பதிஞ்சா இத்தனை வருஷத்து ஆவணம் எல்லாத்தோடயும் மோதும். டி.சி. தேதியைப் பதிஞ்சா காகிதம் எல்லாம் ஒத்துப் போகும், மனசு ஒத்துக்காது. இதுல நான் யாருக்கும் யோசனை சொல்றதில்ல. ஒண்ணு மட்டும் சொல்வேன், விசாரணையில ஒரு தேதி, மனுவுல ஒரு தேதின்னு மாத்தி மாத்திச் சொல்லாதீங்க, அதுலதான் மனு தள்ளுபடி ஆகுது.

இவங்களுக்கு இத்தனை வயசுல எதுக்கு இதுன்னா, முக்காவாசி பையனோ பொண்ணோ வெளிநாட்டுல இருக்கும். அமெரிக்காவுல கிரீன் கார்டுக்குப் போடறவங்க பிறப்பு சர்டிபிகேட் குடுக்கணும், இல்லைன்னா என்.ஏ.சி.யோட சேத்து விவரம் தெரிஞ்ச உறவுக்காரங்க அபிடவிட் மாதிரி வேற சான்று குடுக்கணும். இதுல கவனிங்க, சர்டிபிகேட்டுல பொறந்த தேதி மட்டும் இல்ல, பதிவான தேதியும் அச்சாகும். 1968ல பொறந்து 2024ல பதிஞ்சா ரெண்டுமே பட்டவர்த்தனமாத் தெரியும். செல்லாதுன்னு இல்ல, சட்டப்படி செல்லும். ஆனா பாக்கறவங்க "இது லேட்டா எழுதினது, வேற ஆதாரமும் குடு"ன்னு கேக்கலாம். அதனால ஆர்.டி.ஓ.வுக்குக் குடுத்த பழைய காகிதம் எல்லாத்துக்கும் ஒரு செட் உங்ககிட்ட வச்சுக்கோங்க.

2023 அக்டோபருக்கு அப்புறம் பொறந்த குழந்தைன்னா

பெரியவங்க விஷயத்துல டி.சி., பான் கார்டுன்னு ஏதோ ஒண்ணு வச்சு சமாளிக்கலாம். பாஸ்போர்ட்டுக்கே பாருங்க, 1989 ஜனவரி 26க்கு அப்புறம் பொறந்தவங்க பிறப்பு சர்டிபிகேட் கட்டாயம் குடுக்கணும்னு முன்னாடி விதி இருந்துச்சு, 2016 கடைசியில அதைத் தளர்த்தி டி.சி. மாதிரி வேற ஆவணமும் குடுக்கலாம்னு ஆக்கினாங்க. இப்பத் திரும்பவும் இறுகுது. 2023 திருத்தச் சட்டம் அந்த வருஷம் அக்டோபர் 1ல அமலுக்கு வந்துச்சு. அந்தத் தேதியில இருந்து பொறக்கற குழந்தைங்களுக்கு எப்பப் பொறந்துச்சு, எங்க பொறந்துச்சுங்கறதுக்கு பிறப்பு சர்டிபிகேட் ஒண்ணுதான் சான்று. ஸ்கூல் அட்மிஷன், ஓட்டர் லிஸ்ட், டிரைவிங் லைசென்ஸ், கல்யாணப் பதிவு, அரசாங்க வேலை, எல்லாத்துக்கும் அதுதான். பாஸ்போர்ட் விதியையும் 2025ல அதுக்கேத்த மாதிரி மாத்திட்டாங்க.

அதாவது இப்ப கைக்குழந்தையா இருக்கறதுகளுக்கு "வேற ஏதாச்சும் காகிதம் காட்டிக்கலாம்"ங்கற மாற்று வழி அடைஞ்சு போச்சு. ஆஸ்பத்திரி பாத்துக்கும்னு விட்டுடாம, டிஸ்சார்ஜ் ஆகும்போதே தகவல் அனுப்பிட்டீங்களான்னு ஒரு வார்த்தை கேளுங்க. ஒரு நர்சிங் ஹோம்ல தகவலே அனுப்பாம விட்டு, அப்புறம் இழுத்து மூடிட்டுப் போயிட்டாங்க, அங்க பிரசவம் பாத்த ஒரு அம்மா பிள்ளைக்கு மூணு வயசு ஆனப்பறம் என்கிட்ட வந்தாங்க. தப்பு பண்ணது ஒருத்தர், ஆர்.டி.ஓ. ஆபீஸ் படி ஏறினது இந்தம்மா. நல்லவேளை தடுப்பூசி அட்டை இருந்துச்சு.

காசு, புரோக்கர், போலி

அரசாங்கக் கட்டணம் மொத்தமாப் பாத்தாலும் சில நூறு ரூபாய்தான் வரும். புரோக்கர் கேக்கற ஆயிரங்கள் எல்லாம் உங்க பயத்துக்கான விலை. அதைவிட மோசம், "ரெண்டே நாள்ல, விசாரணை இல்லாம" ஆன்லைன்ல எடுத்துத் தர்றேங்கறவங்க. அரசாங்க சைட் மாதிரியே போலி சைட் செஞ்சு அதுல இருந்து பிரிண்ட் எடுத்துக் குடுக்கறாங்க, கியூஆர் கோடு கூட இருக்கும், ஸ்கேன் பண்ணா அவங்க போலி சைட்டுக்கே போகும். மொய் நோட்டுல எழுதாம துண்டுச் சீட்டு மட்டும் எழுதிக் குடுத்த கதை. ஸ்கேன் பண்றப்ப எந்த முகவரி திறக்குதுன்னு பாருங்க, சந்தேகமா இருந்தா பொறந்த ஊர் ஆபீஸ்ல பதிவு எண்ணைச் சொல்லிக் கேளுங்க.

கடைசியா, சர்டிபிகேட் கைக்கு வந்ததும் கவுண்ட்டரை விட்டு நகராம அங்கயே நின்னு படிங்க. பொறந்த தேதி, ஆணா பெண்ணா, அம்மா பேரு, அப்பா பேரு, இனிஷியல், பொறந்த இடம், தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் ஒத்துப் போகுதான்னு எழுத்து எழுத்தாப் பாருங்க. முக்காவாசிப் பேரு என் கடைக்கு வந்து ஜெராக்ஸ் மெஷின்ல வைக்கறப்பதான் முதல் தடவையாப் படிக்கறாங்க, படிச்சிட்டு "அண்ணே, இதுல என் பேரு மாறி இருக்கு"ன்னு என்னைப் பாக்கறாங்க, நான் எதிர்ல இருக்கற ஆபீஸைப் பாக்கறேன், மணி அஞ்சே முக்கால், பூட்டிட்டு இருக்காங்க.